அக்கா மடியில் வந்த ரேடியேட்டர்

என் மனைவியும் என் அக்காவும் ஆறு வருடங்கள் பேசிக்கொள்ளவில்லை. அதைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை என்றால் இரண்டு பக்கமும் சத்தம் இருக்கும். சத்தம் ஓய்ந்ததும் யாராவது ஒருவர் இறங்கி வருவார். இங்கே நடந்தது ஒரே ஒரு வாக்கியம். சொன்னது அக்கா. கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனது என் மனைவி.

என் மாமியார் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னால் தன் சேமிப்பை மகள் கையில் கொடுத்து, "இதுல வீட்டுக்குன்னு ஒரு கரண்டிகூட வாங்கக் கூடாது. உனக்குன்னு ஆசையா ஏதாவது வாங்கிக்கோ" என்று சொன்னார். என் மனைவி கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "முதல் கண்ணாடி தெளிவா இருக்கா, ரெண்டாவது தெளிவா இருக்கா?" என்று கேட்பது அவள் வேலை. எட்டு மாதம் யோசித்தாள். ஒரு நாள் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள்.

இரண்டே கதவு. சிவப்பு. டர்போ வைத்த இன்ஜின். பொத்தானை அழுத்தினால் முன்விளக்குகள் இமை திறப்பதுபோல மேலே எழும்பும். வாங்கும்போதே அதற்கு இருபத்தைந்து வயது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் காருக்கு அடியில்தான். "பொண்டாட்டிக்குப் போட்டியா ஒருத்தி வந்தா சக்களத்தின்னு சொல்ல வார்த்தை இருக்கு. புருஷனுக்குப் போட்டியா வந்ததை என்னன்னு சொல்றது? இந்த விஷயத்துல தமிழே என்னைக் கைவிட்டுடுச்சு" என்று நான் புலம்புவேன். "அந்தப் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க" என்று காருக்கு அடியிலிருந்து பதில் வரும்.

கார் வந்த அதே வாரம் அக்கா எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். "பெத்தவ செத்த காசுல பவுசு கேக்குதா?" என்றாள்.

அவ்வளவுதான். நான் அப்போது வாயில் சோற்றோடு உட்கார்ந்திருந்தேன். அதை விழுங்கியிருக்கலாம், இல்லை துப்பியிருக்கலாம். இரண்டும் செய்யாமல் மென்றுகொண்டே இருந்தேன். ஆறு வருடமும் அப்படித்தான் போனது. நான் மட்டும் அக்கா வீட்டுக்குப் போய்வருவேன். இவள் ஏதாவது டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புவாள். அவள் டப்பாவைக் கழுவி, வெறும் டப்பாவாக அனுப்பக் கூடாதே என்று ஏதாவது நிரப்பி அனுப்புவாள். டப்பாக்கள் பேசிக்கொண்டன. மனிதர்கள் பேசவில்லை.

சென்ற கோடையில், பள்ளி விடுமுறையில் நான் வீட்டில் இருந்த ஒரு காலை, அக்கா போன் செய்தாள். அக்கா ஒரு குளிர்பதனக் கிடங்கில் மிஷின் ரூம் பொறுப்பாளர். அங்கே விவசாயிகளின் விதை உருளைக்கிழங்கு மூட்டை மூட்டையாக அடுத்த விதைப்பு வரைக்கும் மூன்று டிகிரியில் தூங்கும். முதல் நாள் மதியம் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. வாயு கசியாமல் தண்டைச் சுற்றி அடைக்கும் சீல் போய்விட்டது. மாற்று மிஷின் ஏற்கெனவே பிரித்துப் போடப்பட்டிருந்தது. சீல் இருப்பது மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில். பார்சலில் வர இரண்டு நாள். கிடங்கின் வேன் பட்டறையில்.

"உள்ளே ஒன்பது டிகிரி ஆயிடுச்சுடா. இன்னும் ஏறினா வேர்த்து அழுக ஆரம்பிச்சிடும். முந்நூறு குடும்பத்தோட விதை" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவ வண்டி ஓடுதா?"

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் பூகோள வாத்தியார். உலகத்தில் எல்லா ஊருக்கும் வழி தெரியும், போகத்தான் தெரியாது. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நான் நடுவில் நின்று, அந்தப் பேச்சை இந்தப் பக்கம் பாதியாக்கி, இந்தப் பேச்சை அந்தப் பக்கம் இனிப்பாக்கிக் கொடுப்பேன். அன்று என்னவோ தோன்றியது. "அக்கா, நீயே அவகிட்ட கேளு" என்று போனை மனைவி கையில் கொடுத்துவிட்டேன்.

அக்கா சொன்னதை இவள் முழுசாகக் கேட்டாள். "எத்தனை மணிக்குள்ள வேணும் அண்ணி?" என்றாள். "இருபது நிமிஷத்துல கிடங்கு வாசல்ல நில்லுங்க" என்றாள். ஆறு வருடத்துக்குப் பிறகான முதல் பேச்சு அது. இரண்டே வாக்கியம்.

சீலைப் பார்த்து வாங்க அக்கா வரவேண்டும். நான் எதற்கு என்று கேட்டால், இந்த இரண்டு பேரையும் தனியாக ஒரு காருக்குள் விட எனக்குத் தைரியம் இல்லை. பின் சீட் என்று ஒன்று அதில் இருக்கிறது. பைகளுக்காகச் செய்தது. முழங்காலை முகவாய்க்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன்.

போகும்போது என் மனைவி ஓட்டிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பாள், வளைவு முடியும் இடத்தில் டர்போ ஒரு மூச்சு இழுக்கும், அவ்வளவுதான், மலை பின்னால் போய்விடும். அக்கா கதவுப் பிடியைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி மலை ஏறியதும், "வண்டி நல்லா இழுக்குது" என்றாள். "ஆமா அண்ணி" என்றாள் இவள். எனக்கு அதுவே போதும் போல இருந்தது.

கடையில் அக்கா மூன்று சீல்களைப் பிரித்துப் பார்த்து, உரசும் பக்கத்தை விரல் நுனியால் தடவி, நான்காவதை எடுத்தாள். உள்ளங்கை அகலம் உள்ள ஒரு வளையம். அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஏறினாள். திரும்பினோம்.

மலையில் முக்கால் தூரம் ஏறியபோது தித்திப்பான ஒரு வாசனை வந்தது. "கூலண்ட்" என்றாள் என் மனைவி. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். அவள் கண் மீட்டருக்குப் போன அதே நொடியில் முள் சிவப்புக்கு நகர்ந்தது. ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கினால் ஒரே ஆவி. ரேடியேட்டரின் பக்கத் தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. முப்பது வருடச் சூட்டில் வெந்து பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. நீளமாக ஒரு கீறல்.

என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அக்கா இறங்கி வந்தாள். காரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அழுத்தமும் சூடும் அவள் பிறந்த வீடு மாதிரி.

"மூடியில கை வெச்சிடாதே. முதல்ல அடங்கட்டும்" என்றாள். இருபது நிமிடம் கழித்து, "இப்ப மூடியைத் திற. திரும்பப் போடறப்ப இறுக்காம, முதல் பிடியிலேயே விட்டுடு. உள்ளே அழுத்தம் சேரலைன்னா கீறல் விரியாது. தண்ணி ஊத்தி ஊத்தி மெதுவா போயிடலாம்."

என் மனைவி அவளைப் பார்த்தாள். "ஹீட்டரை முழுசாப் போட்டா இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும் அண்ணி. ஆனா நாம வெந்துடுவோம்."

"போடு."

சாலைக்குக் கொஞ்சம் கீழே இருந்த ஒரு செடி விற்கும் கடையில் நான்கு கேன் தண்ணீர் வாங்கினோம். கேன்கள் என் மடியில், என் காலடியில், என் கழுத்துக்குப் பக்கத்தில். கொளுத்தும் கோடையில், ஹீட்டர் முழு வேகத்தில். ஏழு முறை நிறுத்தினோம். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் களைத்து, "இருபத்தெட்டு வருஷம் ஐஸ் ரூம்ல நின்னவ. இன்னைக்கு மொத்தமா சேர்த்து வேக வெச்சுட்டியே" என்றாள். அப்போதுதான் முதல் முதலாக இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கேன் கவிழ்ந்து என் வேட்டி நனைந்ததற்கு யாரும் கவலைப்படவில்லை.

மூன்று மணிக்குக் கிடங்கு போய்ச் சேர்ந்தோம். ஐந்து மணிக்குக் கம்ப்ரஸர் ஓடியது. பதினோரு டிகிரியில் நின்ற முள் இறங்க ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு அக்கா வெளியே வந்தாள். என் மனைவி காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஈரமான ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கிட்டே வந்தாள். இவள் தலையில் ஒரு முறை கை வைத்து எடுத்தாள். அவசரமாக உள்ளே போய்விட்டாள்.

நான்கைந்து நாள் கழித்துக் கண்ணாடிக் கடைக்கு ஒரு விவசாயி வந்தார். என் மனைவி அவரை நாற்காலியில் உட்கார வைத்து, எழுத்துப் பலகையைக் காட்டினாள். அவர் கடைசி வரியில் உள்ள பொடி எழுத்து வரை தடங்கலில்லாமல் படித்தார். "கண்ணு அருமையா இருக்கே, எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். "நான் கண்ணு காட்ட வரலைம்மா. நன்றி சொல்ல வந்தேன். நீங்க படிக்கச் சொன்னீங்க, படிச்சேன்" என்றார். அன்று இரவுச் சாப்பாடு வரை அவள் அதை நான்கு முறை சொன்னாள். நான்காவது முறை கண் கலங்கிவிட்டது.

இனி ரேடியேட்டர். என் மனைவி ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினாள். முதலாவது, கம்பெனி ரேடியேட்டர். இப்போது தயாரிப்பதில்லை, ஒரே ஒரு கடையில் ஒரே ஒன்று, பதினைந்து வருடமாகப் பெட்டிக்குள். அச்சாகப் பொருந்தும். ஆனால் அதே பிளாஸ்டிக் தொட்டி. பெட்டிக்குள் இருந்தாலும் பிளாஸ்டிக்குக்கு வயதாகாமலா இருக்கும்? இரண்டாவது, பழையதையே பிரித்து, பக்கத்தில் உலோகத் தொட்டி வைத்துக் கட்டுவது. ஆனால் நடுவில் உள்ள தகடுகள் விரல் பட்டாலே உதிர்ந்தன. மூன்றாவது, முழுக்க அலுமினியம், இரண்டு வரிசைக் குழாய். பழையதைவிடக் கொஞ்சம் தடிமன். அளந்து பார்த்து, விசிறிக் கூட்டை மாற்றாமலே மாட்டலாம் என்று குறித்திருந்தாள். நான்காவது, அதே அலுமினியத்தில் மூன்று வரிசை. பந்தயக் கார்களுக்கானது. அதன் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'நுழையாது' என்று எழுதியிருந்தாள்.

முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அவள் பத்து நாள் ஊசலாடினாள். "ஊரையெல்லாம் முதலாவதா, ரெண்டாவதான்னு கேக்கிறவ நீ" என்றேன். "அங்கே எனக்கு ரெண்டு கண்ணாடியும் சொந்தம் இல்ல" என்றாள்.

பத்தாம் நாள் மாலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அக்கா. ஆறு வருடத்தில் முதல் முறையாக. கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை; பேருந்தில், மடியில் வைத்து, தானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வியர்வையில் அட்டையின் ஓரம் ஊறியிருந்தது.

"கடைக்காரர்கிட்ட காரோட பேரைச் சொன்னேன். இருக்கிறதுலயே பெருசு குடுன்னேன்" என்றாள். "பிரிச்சுப் பாரு."

பிரிக்கவே வேண்டாம். பெட்டியின் மேல் படம் இருந்தது. மூன்று வரிசை.

எனக்குப் புத்தி வந்தது அந்த ஒரு நொடியில்தான். சமையலறைக்குப் போய், ஃபிரிட்ஜ் மேல் இருந்த தாளைப் பிய்த்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது என் மனைவி அந்த ரேடியேட்டரைத் தொட்டிலிலிருந்து எடுத்த குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்தியிருந்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணி" என்றாள்.

அக்கா காபி குடித்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஹாலில் மாட்டியிருந்த என் மாமியாரின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். "ஞாயித்துக்கிழமை மாட்டறப்ப சொல்லு, நானும் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் நான் சொன்னேன். "நுழையாதுன்னு சொல்லிடு. அவ மிஷின்காரி. புரிஞ்சுப்பா."

"ஆறு வருஷம் கழிச்சு ஒரு மனுஷி வாசல்ல வந்து நிக்கிறாங்க. மடியில வெச்சுத் தூக்கிட்டு வந்திருக்காங்க. அவங்க முன்னாடி அளவு டேப்பை நீட்டச் சொல்றீங்களா?"

"அப்ப என்ன பண்ணப் போற?"

"காரை மாத்திக்கிறேன்" என்றாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காரில் ஒரு திருகாணிகூட மாறக் கூடாது என்று இருப்பவள் அவள். ரேடியோவின் உடைந்த பொத்தானுக்கு, அதே பொத்தான் கிடைக்க இரண்டு வருடம் காத்திருந்தவள். மூன்று வரிசை ரேடியேட்டரை மாட்ட வேண்டுமென்றால், விசிறியைச் சுற்றி நிற்கும் கூட்டைக் கழற்றி எறிய வேண்டும். இரண்டு மெல்லிய விசிறிகளை வாங்கி ஒட்ட வேண்டும். முன்பக்கச் சட்டத்தில் ஒரு தாங்கியை அறுத்தெடுக்க வேண்டும். அறுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. எல்லாம் செய்தாலும் பழையபடி குளிருமா என்பது அவளுக்கே சந்தேகம். நான்கு நாள் அந்தப் பெட்டி ஹாலில் ஒரு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. நாங்கள் அதைச் சுற்றி நடந்தோம்.

ஞாயிறு காலை அக்கா வந்தபோது, என் மனைவி ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரின் மூக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பழைய ரேடியேட்டர் கழற்றப்பட்டு ஓரத்தில் சாய்ந்திருந்தது. தாங்கியில் அறுக்க வேண்டிய இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்திருந்தாள். கை மட்டும் நகரவில்லை.

"என்னத்தை அறுக்கப் போற?" என்றாள் அக்கா.

"இந்தத் தாங்கி கொஞ்சம் இடிக்குது அண்ணி. சின்ன வேலைதான்."

அக்கா குனிந்து பார்த்தாள். கூட்டைப் பார்த்தாள். புது ரேடியேட்டரைத் தூக்கி இடத்தில் வைத்துப் பார்த்தாள். வைத்துவிட்டு விசிறிக்கும் அதற்கும் நடுவில் விரலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. பிறகு அதைக் கீழே வைத்து, தகடுகளின் நெருக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து, வாயால் ஊதினாள். மறுபக்கம் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தாள்.

"இந்தக் கூட்டை எடுத்துட்டா, விசிறி இழுக்கிற காத்து இதுக்குள்ள ஏன் வரணும்? சும்மா பக்கத்தால சுத்திப் போயிடும்" என்றாள். "நிக்கிறப்ப சூடாகும். என் மிஷின் ரூம்ல இந்த வேலையை எவனாவது செஞ்சா, கழுத்தைப் பிடிச்சு வெளியில தள்ளுவேன்."

பிறகு என் மனைவி பக்கம் திரும்பினாள்.

"இது நுழையாதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

என் மனைவி ரம்பத்தைக் கீழே வைத்தாள். "பெட்டியைப் பார்த்தப்பவே."

"ஏன் சொல்லலை?"

"மடியில வெச்சுக் கொண்டு வந்தீங்க."

அக்கா பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். நான் உள்ளே போய்விடலாமா என்று யோசித்தேன். கால் நகரவில்லை. இந்த முறை வாயில் சோறும் இல்லை.

"அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன்" என்றாள் அக்கா. முகத்தை நிமிர்த்தவில்லை. "சொன்னதுமே தெரிஞ்சுது, தப்புன்னு. ஆனா இறங்கி வர மனசு வரலை. வீட்டுக்குப் போய், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். நாளைக்கு, அடுத்த வாரம்னு தள்ளிப் போச்சு. அப்புறம் சொல்றதுக்கே கூச்சமாயிடுச்சு."

"விடுங்க அண்ணி."

"விட மாட்டேன், கேளு. உங்கம்மா உன்கிட்ட உனக்குன்னு வாங்கிக்கோன்னு சொன்னாங்க. எங்கம்மா போறப்ப என்கிட்ட தம்பியைப் பாத்துக்கோன்னு சொன்னா. நானும் பாத்தேன். குறை சொல்லலை. ஆனா அன்னைக்கு உன் வாசல்ல அந்தச் சிவப்பு வண்டி நின்னதைப் பாத்ததும் பொறுக்கலை. எனக்குன்னு நான் என்ன வாங்கியிருக்கேன்னு யோசிச்சேன். ஒண்ணும் ஞாபகம் வரலை. அந்த எரிச்சல்தான் அப்படி வந்துச்சு. செத்துப் போன மனுஷியை இழுத்துப் பேசினேன் பாரு, அதுக்கு மன்னிப்பே கிடையாது."

என்னைப் படிக்க வைத்தது அக்கா. எனக்கு வேலை கிடைக்கும் வரை என் சட்டை அவள் சம்பளத்தில் வந்தது. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதாலேயே நான் அதை ஒரு முறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று சொன்னேன். சரியாகச் சொல்ல வரவில்லை. "அக்கா, நீ இல்லேன்னா நான்..." என்று ஆரம்பித்தேன். அவள், "சரி சரி, நீ அழாதே, மூக்குக் கண்ணாடியெல்லாம் ஆவி அடிக்குது" என்றாள்.

என் மனைவி எழுந்து வந்து அக்காவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் கை. அக்கா அதைப் பார்த்தாள், விடுவித்துக்கொள்ளவில்லை.

"எங்கம்மா அந்த வண்டியைப் பாத்திருந்தா நீங்க சொன்னதையேதான் சொல்லியிருப்பாங்க" என்றாள் இவள். "ஆசையா வாங்குன்னாங்க, இவ்வளவு ஆசையான்னு கேட்டிருப்பாங்க."

அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "கிளம்பு. இதைத் திருப்பிக் குடுத்துட்டு உருப்படியா ஒண்ணு வாங்கலாம்."

ரேடியேட்டர் கடைக்காரரை ஊரே சல்லடை என்றுதான் கூப்பிடும். வாழ்நாள் முழுக்க ஓட்டைகளோடு பழகியவர். கடைப் பலகையிலேயே அந்தப் பெயரைத்தான் எழுதி வைத்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரு வாடகை வண்டியில், புது ரேடியேட்டர், பழைய ரேடியேட்டர், விசிறிக் கூடு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய் இறங்கியதைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார்.

"என்னம்மா, கசியுதா?"

"மாட்டவே இல்லை, எங்கே கசியறது?" என்றாள் அக்கா. "இருக்கிறதுலயே பெருசு குடுன்னு நான் சொன்னேன், தப்பு என்னோடது. ஆனா நீங்க கேட்டிருக்கலாமில்ல, எந்தக் கூட்டுக்குள்ள போகப் போகுதுன்னு?"

சல்லடை நல்ல மனிதர். தலையைச் சொறிந்தார். "நீங்க கேட்ட வேகத்துல எனக்குக் கேள்வி வரலைம்மா. யாருக்கோ உயிர் குடுக்கப் போற மாதிரி கேட்டீங்க" என்றார். மறுபேச்சில்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு, உள்ளேயிருந்து இரண்டு வரிசையில் இரண்டு ரேடியேட்டர்களைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். இன்னொரு கடையில் பெட்டிக்குள் இருந்த அந்தக் கம்பெனி ரேடியேட்டரையும் ஆள் அனுப்பி வரவழைத்தார்.

கம்பெனி ரேடியேட்டரைப் பார்த்ததும் என் மனைவி முகம் இளகியது. அதன் ஓரத்தில் இருந்த சின்னச் சீட்டுகூட அவள் காரில் இருந்தது போலவே இருந்தது. அதைத் தடவினாள். அக்கா அவளைக் கவனித்தாள். அவசரப்படுத்தவில்லை. தொட்டியும் தகடும் சேரும் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் மெல்ல அழுத்திக் காட்டினாள். பிளாஸ்டிக்கில் முடி போல வெள்ளைக் கோடு ஓடியது.

"மறுபடி மலையில நிக்கணுமா?" என்றாள்.

"வேண்டாம்" என்றாள் என் மனைவி. அதைத் தானே எடுத்துப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

அலுமினியத்தில் மேலோட்டமாக இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. கூட்டை முதலாவதின் மேல் வைத்தார்கள், உட்கார்ந்தது. இரண்டாவதிலும் உட்கார்ந்தது. என் மனைவி அக்கா பக்கம் திரும்பினாள். பழக்க தோஷம், கடைக் குரல் வந்துவிட்டது. "நல்லாப் பாருங்க. முதலாவது நல்லா இருக்கா, ரெண்டாவது நல்லா இருக்கா? அவசரம் இல்லை."

அக்கா இரண்டிலும் பற்ற வைத்த இடங்களைப் பார்த்தாள். முதலாவதில் ஒரு மூலையில் பற்று மெல்லிதாக ஓடியிருந்தது. அடியில் சட்டத்தில் பொருந்தும் முளை ஒரு பக்கம் சாய்ந்தும் இருந்தது. "ரெண்டாவது" என்றாள்.

"உறுதியாவா?"

"ரெண்டாவதுதான்."

"எனக்கும் அதான் தெரியுது" என்றாள் என் மனைவி.

சல்லடை என் காதருகில் வந்து, "ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?" என்று கேட்டார். நான் "ஆமா" என்று சொல்லிவிட்டேன். பூகோள வாத்தியார் பொய் சொல்லலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அன்று மதியமே மாட்டினார்கள். தாங்கியை அறுக்கவில்லை. திருகாணிகள் பழைய துளைகளில் பழையபடி ஏறின. அக்கா கூட்டைச் சுற்றிக் காற்று தப்பும் இடுக்குகளில் நுரைப் பட்டை வெட்டி ஒட்டினாள். பழைய பட்டைகள் எப்போதோ உதிர்ந்து போயிருந்தன என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். உள்ளே அடைபட்ட காற்று முழுக்க வெளியேற, காரின் மூக்கை ஜாக்கியில் தூக்கி வைத்து, குமிழிகள் நிற்கும்வரை இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேடிக்கை பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் அது ஒன்று.

அடுத்த விடுமுறை நாளில் மறுபடி மலைக்குப் போனோம். வேலை ஒன்றும் இல்லை. சோதனை ஓட்டம் என்று பெயர். ஏற்றம் முழுக்க முள் நடுவிலேயே நின்றது. உச்சியில் நிறுத்தி, இன்ஜினை ஓட விட்டு, பத்து நிமிடம் காத்திருந்தோம். விசிறி ஒரு முறை சுற்றி நின்றது. முள் அசையவில்லை. அக்கா இறங்கி பானெட்டுக்கு மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள். பிறகு என் மனைவியிடம், "நீ அன்னைக்கு வரலைன்னா அந்த மூட்டையெல்லாம் போயிருக்கும். இதை நான் இன்னும் உன்கிட்ட சொல்லலை. நன்றிம்மா" என்றாள்.

என் மனைவி சாவியைக் கையில் வைத்து உருட்டினாள். "நீங்க அன்னைக்கு மூடியை லூசா வைக்கச் சொல்லலைன்னா இந்த இன்ஜின் போயிருக்கும் அண்ணி" என்றாள். அவள் நன்றி சொல்வது அப்படித்தான்.

"ஓட்டக் கத்துக்கறீங்களா? நான் சொல்லித் தரேன்" என்று கேட்டாள் கொஞ்ச நேரம் கழித்து.

அக்கா யோசித்தாள். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "வேண்டாம். எனக்கு உக்காந்து வர்றதுதான் பிடிச்சிருக்கு" என்றாள். முன் சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை முழுக்க இறக்கினாள்.

"போகலாம். கொஞ்சம் வேகமாவே போ."